டால்டனின் ஹெல்மெட்

மேசைமேல் அந்த ஹெல்மெட் வந்து உட்கார்ந்ததுமே ஆர்லிஸுக்கு அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. நீல நிறம், நடுவே வெள்ளைக் கோடு, பின்பக்கம் கறுப்பு டேப்பில் 218. எண்ணைப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்து ஆளைப் பார்த்தாள். டெல்மர் குபியாக்.

"என்ன டெல்மர்."

"என்ன ஆர்லிஸ்."

இரண்டு பேரும் போன ஆகஸ்டில் டெல்மரின் மகன் டால்டனைப் புதைத்த அன்றைக்குப் பார்த்தது. ஒன்பது மாதம் ஆகிவிட்டது. டெல்மர் இளைத்திருந்தான். பந்தயச் சட்டை தோளில் தொங்கியது. வரிசையில் அவனுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். மே மாதக் குளிர். ராத்திரி பெய்த மழையில் திடல் முழுக்கச் சேறு. கூடாரத் துணியிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஹார்லோ ரிட்ஜ் மண்பாதையில் பைக் பந்தயக் காலம் தொடங்கும் முதல் சனிக்கிழமை அது. ஆர்லிஸ் ப்ரெக்கி வார நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். சனிக்கிழமைகளில் இங்கே ஹெல்மெட் பார்ப்பாள். பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறாள். அவள் பச்சை ஸ்டிக்கர் ஒட்டாத ஹெல்மெட்டோடு பந்தயத்தில் இறங்க முடியாது. பக்கத்து மேசையில் மெர்ல் ஸ்டூபி பைக்குகளைப் பார்ப்பான். பிரேக், சங்கிலி, ஆக்சிலேட்டர் தானாகத் திரும்புகிறதா, அவ்வளவுதான்.

"டால்டன் ஞாபகச் சுத்துக்குத்தானே?" என்று கேட்டாள்.

"ஞாபகச் சுத்துக்கு ஸ்டிக்கர் வேண்டாம்னு எனக்குத் தெரியாதா? பந்தயத்துக்கு. நாப்பது வயசுக்கு மேல உள்ளவங்க ஓட்டத்துல பேர் குடுத்துட்டேன்."

"டெல்மர் ஓட்டுறானா?" மெர்ல் ஒரு பைக்குக்கு அடியிலிருந்து கத்தினான். "அப்பாடா! அப்ப இன்னைக்குக் கடைசி இடம் எனக்கில்ல!" சிரித்துக்கொண்டே எழுந்தவன் மேசைமேல் இருந்ததைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது. குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

ஆர்லிஸ் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாள். எல்லார் ஹெல்மெட்டையும் பார்க்கிற மாதிரியே இதையும் பார்த்தாள். உள்ளே தைத்திருந்த தேதியைப் பார்த்தாள், மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. வாரை இழுத்தாள், உறுதியாக இருந்தது. வெளி ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. மெழுகு போட்டுத் துடைத்து, கூடாரமே அதில் தெரிந்தது. கன்னப் பஞ்சு இரண்டும் மட்டும் பளீரென்று புதுசு. மற்றதெல்லாம் வேர்வையில் பழுத்திருந்தது. பழைய கன்னப் பஞ்சு எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். ஆம்புலன்ஸ்காரர்கள் அடியில் இருக்கும் சிவப்பு நாடாவைப் பிடித்து அவற்றை உருவியதை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். அப்படி உருவினால்தான் கழுத்தை அசைக்காமல் ஹெல்மெட்டைக் கழற்ற முடியும்.

கட்டை விரலை உள்ளே விட்டுப் பிடரிப்பக்கம் தெர்மாகோலை அமுக்கிக்கொண்டே வந்தாள். கெட்டி, கெட்டி, கெட்டி. அப்புறம் ஓர் இடத்தில், அடி ஓரத்தில், விரல் உள்ளே போயிற்று. பழுத்த பேரிக்காயில் போகிற மாதிரி.

தெர்மாகோல் ஒரு தடவைதான் அடி வாங்கும். நசுங்கினால் நசுங்கியதுதான், திரும்ப எழும்பாது. வெளி ஓடு எவ்வளவு பளபளத்தாலும் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்றுதான் கணக்கு. அது டெல்மருக்குத் தெரியாத விஷயமில்லை. இருபது வருஷம் ஓட்டியவன். வரிசையில் நின்றவர்களுக்கும் தெரியும். ஆனாலும் கடைசியில் யாரோ தாழ்ந்த குரலில், "குடுத்துரு ஆர்லிஸ்," என்றார்கள்.

மெர்ல் அவள் பக்கம் வந்து குனிந்தான். "ஒட்டி விடும்மா. பெத்தவன். ஆறு சுத்துதானே. நாங்க எல்லாரும் வழி விட்டுத்தான் ஓட்டப்போறோம். அவனை யாரு வந்து இடிக்கப்போறா?"

"தரை இடிக்கும் மெர்ல்."

"நீ ஒருத்தி..."

"என் மேசையக் கொஞ்ச நேரம் பாத்துக்க."

"எனக்கு ஹெல்மெட்டப் பத்தி என்ன தெரியும்?"

"முப்பது வருஷமா மாட்டியிருக்கியே. ஓ, தலைக்குள்ள ஒண்ணும் இல்லாததால அது எதக் காப்பாத்துதுன்னு தெரியாமப் போச்சா?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். டெல்மர் சிரிக்கவில்லை. ஆர்லிஸ் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். மேசை இழுப்பறையிலிருந்து தகரம் வெட்டும் கத்தரியையும் எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் கூட்டம் ஒதுங்கி வழி விட்டது.

ஹார்லோ ரிட்ஜில் ஒரு வழக்கம் உண்டு. தேறாத ஹெல்மெட்டின் வாரை அங்கேயே வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது ஏதாவது சந்தைக்குப் போய், வேறு யார் தலையிலாவது ஏறிவிடும். ஆனால் வெட்டுவது ஆர்லிஸ் வேலை இல்லை. சொந்தக்காரன் கையாலேயே வெட்ட வேண்டும். அவன் மாட்டேன் என்றால் அவள் செய்யக்கூடியது ஸ்டிக்கர் ஒட்டாமல் விடுவது மட்டும்தான்.

அவளுடைய டிரெய்லருக்குப் பின்னால் இரண்டு மடக்கு நாற்காலிகள் கிடந்தன. டெல்மர் உட்காரவில்லை.

"நசுங்கியிருக்கு," என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா கொண்டு வந்த?"

"நீ பின்னால அமுக்கிப் பாக்க மாட்டேன்னு நெனச்சேன். அவனோடதுன்னு தெரிஞ்சா சும்மா ஒட்டிடுவேன்னு நெனச்சேன்."

"ஒட்டியிருப்பேன் டெல்மர். ஆனா கை தானா அங்க போயிடுச்சு."

ஜெனரேட்டர் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது.

"உனக்கு இது சின்னது வேற," என்றாள். "அவன் தலை உருண்டை. உன்னோடது நீளம். மாட்டிக்கிட்டு ஒரு சுத்து போறதுக்குள்ள நெத்தி பொளந்துடும் உனக்கு."

"வலிச்சாப் பரவாயில்ல."

"வலிக்கணும்னுதான் மாட்டுறியா?"

அவன் சேற்றைப் பூட்ஸால் கிளறினான்.

"சாகப்போறேன்னு நினைக்கிறியா?" என்று கேட்டான்.

"தெரியல. அதான் கேக்குறேன்."

"எனக்கும் தெரியல ஆர்லிஸ். நெசமாத் தெரியல." நாற்காலியில் உட்கார்ந்தான். "வீட்டுல ஒண்ணும் இல்ல. மார்ஸீ என்ன விட்டுட்டு அவ தங்கச்சி வீட்டுக்கு டுலூத்துக்குப் போயிட்டா. அவன் ரூம்ல இருந்த துணியெல்லாம் தோய்ச்சுட்டா போறதுக்கு முன்ன. நல்ல எண்ணத்துலதான் செஞ்சா. இதை மட்டும் நான் கராஜ்ல வச்சிருந்தேன். இதுக்குள்ள மூஞ்சிய வச்சா அவன் வாசன இருக்கு. தலையெண்ணையும் வேர்வையும். இதை மாட்டிக்கிட்டு ஓட்டினா, அவனோட ஓட்டுற மாதிரி இருக்கும்னு தோணுச்சு. வேற திட்டம் ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும்னு இருந்துச்சு, அவ்வளவுதான்."

ஆர்லிஸ் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்பது மாதமாக அவள் தொண்டையில் நின்றது ஒன்று இருந்தது. காலையில் பேருந்தில் பிள்ளைகள் இல்லாத திருப்பங்களில் அதைத் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். இப்போது சொன்னால் இவன் எழுந்து போய்விடலாம். அந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேறு எந்த ஊர்ப் பாதைக்காவது போகலாம். சொல்லாவிட்டால் இவனைத் தடுக்க அவளுக்கு என்ன யோக்கியதை?

"அன்னைக்கு அவன் கழுத்து வளையத்தை நான் பாத்தேன்," என்றாள்.

டெல்மர் தலை நிமிர்ந்தது.

கழுத்து வளையம் தோளில் உட்காரும். விழும்போது ஹெல்மெட்டின் விளிம்பு அதன்மேல் வந்து நிற்கும், தலை அதற்குமேல் மடங்காது. முதுகுப் பக்கம் அதற்கு ஒரு வால் உண்டு. அந்த வால் முதுகெலும்பில் படிந்தால்தான் வளையம் நிற்கும். டால்டனின் வளையத்தில் அந்த வாலில் பாதி இல்லை.

"ரம்பத்தால நீ அறுத்திருந்த," என்றாள் ஆர்லிஸ். "மணல்தாள் போட்டு விளிம்ப வழவழப்பாக்கியிருந்த. விரல வச்சுப் பாத்தேன். சுத்தமான வேல. நீ ஏன் அறுத்தேன்னும் தெரிஞ்சது. அவன் போட்டிருந்தது உன் பழைய மார்புக் கவசம். அதோட முதுகுத் தகடு மேல வரைக்கும் வரும். வால் அதுக்குள்ள போகாது. என் தாள்ல ஹெல்மெட் மட்டும்தான் இருக்கு, கழுத்துக்குக் கட்டம் இல்ல. கேக்கலாம்னு வாயெடுத்தேன். அவன், 'அப்பாவோட கவசம் ஆர்லிஸ், இது ராசி'ன்னு சொல்லிச் சிரிச்சான். நானும் சிரிச்சுட்டு ஸ்டிக்கர ஒட்டினேன்."

டெல்மர் பூட்ஸில் ஒட்டிய சேற்றை நாற்காலிக் காலில் வழித்தான்.

"நீ பாத்தது எனக்குத் தெரியும்," என்றான் கடைசியில். "நான் அவனுக்குப் பின்னாலதான் நின்னேன். நீ விரல வச்சத பாத்தேன். இப்ப கேப்பா, இப்ப கேப்பான்னு இருந்தேன். கேட்டிருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும். எல்லார் முன்னாலயும் உன்னத் திட்டியிருப்பேன்."

"திட்டியிருக்கலாம்."

"ஆமா. திட்டியிருக்கலாம்." முகத்தை உள்ளங்கையால் தேய்த்தான். "டாக்டர்கிட்ட கேட்டேன். முழுசா இருந்திருந்தா பொழச்சிருப்பானான்னு. யாராலயும் சொல்ல முடியாதுன்னாரு. அத்தனை உயரத்துலேந்து விழுந்தா வளையம் இருந்தாலும் போகலாம், இல்லன்னாலும் பொழைக்கலாம்னாரு. அந்த ஆளு ஏதாவது ஒண்ணு சொல்லியிருக்கலாம் ஆர்லிஸ். ரெண்டுல எதையாவது."

"நாப்பது நாள் நான் தூங்கல."

"எனக்கு இன்னும் வரல."

அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் மன்னிக்கவில்லை. அதற்கான வார்த்தை இரண்டு பேரிடமும் இல்லை. ஆனால் டெல்மர் எழுந்து போகவும் இல்லை.

ஆர்லிஸ் ஹெல்மெட்டை மடியில் கவிழ்த்தாள். உள்ளே விரல் விட்டு, நெற்றிப் பக்கத்துப் பொத்தானை டப்பென்று கழற்றினாள். அப்புறம் இரண்டு பக்கமும், அப்புறம் பிடரியில் இரண்டு. உள்துணி ஒரு குழந்தைக் குல்லாய் மாதிரி கையோடு வந்துவிட்டது. சாம்பல் நிறத்தில், நெற்றி படும் இடம் மட்டும் மஞ்சளாகி. அதை அவனிடம் நீட்டினாள்.

"வாசன இதுலதான் இருக்கு," என்றாள். "ஓட்டுல இல்ல."

அவன் அதை வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டான். ஆர்லிஸ் எழுந்து ஜெனரேட்டருக்கு எண்ணெய் பார்க்கிற மாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவன் சட்டைப் பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினாள். கத்தரியை ஹெல்மெட் பக்கத்தில் வைத்தாள்.

"நான் வெட்ட மாட்டேன். அது உன்னுது."

டெல்மர் கத்தரியை எடுத்தான், வைத்தான். மறுபடி எடுத்தான். இடது பக்க வாரை இரண்டு அமுக்கில் வெட்டினான். வலது பக்கம் பிசிறு பிசிறாக வந்தது. முழுசாக விட்டுப்போகும்வரை அறுத்தான். வாரைக் கோக்கும் இரட்டை இரும்பு வளையத்தோடு அந்தத் துண்டு சேற்றில் விழுந்தது.

"சரி," என்றான். குரல் உடைந்திருந்தது. "இப்ப என் தலைக்கு என்ன?"

ஜோலீன் மார்ட்டி ஒவ்வொரு பந்தயத்துக்கும் தன் வேனில் ஹெல்மெட், கவசம் என்று விற்கும் சரக்கோடு வருவாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாசேஜைக் கடித்துக்கொண்டிருந்தாள். டெல்மரைப் பார்த்ததும் விழுங்க மறந்தாள்.

"ஜோலீன், இவனுக்குத் தலை அள," என்றாள் ஆர்லிஸ்.

"நீயே அளக்கலாமே, என் கையெல்லாம் எண்ணெய்."

ஆர்லிஸ் டேப்பை வாங்கி அவன் புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலே, பிடரியில் துருத்தும் இடத்தைச் சுற்றி இழுத்தாள். அறுபது. ஜோலீன் அறுபதில் கையில் கிடைத்ததை நீட்டினாள். மாட்டிக்கொண்டு நின்றான்.

"நெத்தி?"

"எரியுது."

"கழட்டு." நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு. "உருண்டைத் தலைக்காரனுக்கு வார்த்தது. வேற குடு ஜோலீன்."

இரண்டாவது அவனுக்குச் சுகமாக இருந்தது. இதுவே போதும் என்றான். ஆர்லிஸ் வாரை இறுக்கிக் கட்டிவிட்டு, பின்னால் போய், ஹெல்மெட்டின் அடி ஓரத்தில் இரண்டு கையையும் கொடுத்து முன்னால் தள்ளினாள். அது அவன் கண்ணை மறைத்துக்கொண்டு மூக்கு வரைக்கும் உருண்டு வந்தது.

"சுகமா இருக்குன்னு சொல்ற எல்லாமே இப்படித்தான் கழண்டு போகும்," என்றாள். "அடுத்தது."

மூன்றாவதை உள்ளே திணிக்கவே வேண்டியிருந்தது. கன்னம் இரண்டும் மேலேறி உதடு குவிந்தது.

"பாரு, வாயில கொட்டையோட அணிலு!" என்றாள் ஜோலீன். சொன்ன பிறகு, சொல்லியிருக்கலாமா என்று ஆர்லிஸைப் பார்த்தாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து டெல்மர், "உன் மொகத்த விடத் தேவல," என்றான். ஜோலீன் அதைக் கேட்டுவிட்டு வேனுக்குள் திரும்பி எதையோ தேடினாள், மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

ஆர்லிஸ் பின்னால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. பக்கவாட்டில் திருகினாள். தோல் கூடவே வந்தது. "இது," என்றாள்.

அடுத்து வளையங்கள். வேன் கதவின் உள்பக்கம் கொக்கியில் நாலைந்து தொங்கின. டெல்மர் அவற்றைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"பந்தயத்துக்கு வளையம் கட்டாயமில்லையே," என்றான்.

"இல்ல."

"தாள்ல இல்லையே."

"இல்ல டெல்மர். வேண்டாம்னு சொன்னா நான் ஸ்டிக்கர் ஒட்டித்தான் ஆகணும்."

அவன் தன் மார்புக் கவசத்தைத் தட்டிப் பார்த்தான். பழையது இல்லை. பழையது டால்டனோடு போயிற்று. இது யாரிடமோ இரவல் வாங்கியது, முதுகுத் தகடு இதிலும் உயரம்தான்.

"இதோட வெட்டாம உக்காருறது எது இருக்கு?" என்று கேட்டான்.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். முதல் இரண்டின் வாலும் தகட்டில் இடித்து நின்றது. மூன்றாவதில் வால் தகட்டுக்குள் போயிற்று, ஆனால் முன்பக்கம் எழும்பிக்கொண்டது. நான்காவதற்கும் அதே கதை.

"கொஞ்சூண்டு தேய்ச்சா உக்காந்துடும்..." என்று ஜோலீன் ஆரம்பித்தாள்.

"தேய்க்கறதுக்கில்ல," என்றான் டெல்மர். யோசிக்காமல் வந்த சொல். மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். அப்புறம் அவன் மார்புக் கவசத்தின் கொக்கிகளை விடுவித்து, தலைவழியாகக் கழற்றி, புல்லில் போட்டான். "கவசத்த மாத்து ஜோலீன். வளையத்துக்குத் தக்க மாதிரி."

முதுகுத் தகடு தாழ்ந்த கவசம் ஒன்று அடியில் கிடந்தது. அதன்மேல் மூன்றாவது வளையம் முன்னும் பின்னும் படிந்தது. ஆர்லிஸ் வாலைப் பிடித்து ஆட்டினாள். ஹெல்மெட்டை மாட்டச் சொல்லி, அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். ஹெல்மெட்டின் பின் விளிம்பு இறங்கி வந்து வளையத்தில் டொக்கென்று நின்றது. டெல்மர் அப்படியே அண்ணாந்து நின்றான். மேகம் பார்க்கிற மாதிரி. தலையை இறக்க நேரம் எடுத்துக்கொண்டான்.

பதினோரு மணிக்கு ஞாபகச் சுற்று. முன்னால் டெல்மர், பின்னால் நாற்பதுக்கும் மேற்பட்ட பைக்குகள், எல்லாம் முதல் கியரில். ஞாபகச் சுற்றில் யாரும் மண்மேட்டில் தாவ மாட்டார்கள். ஒவ்வொரு மேட்டுக்கும் பக்கவழி உண்டு, அதில் சுற்றி வருவார்கள். ஆர்லிஸ் கம்பி வேலியோரம் நின்றாள். மெர்ல் தன் பைக்கில் மூன்றாவதாகப் போனான்.

நான்காவது மேட்டில்தான் டால்டன் விழுந்தது. டெல்மர் அதன் அடியில் நிறுத்தினான். பின்னால் வந்தவர்களும் நிறுத்தினார்கள். எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவனுடையது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்கம் பக்கவழி, நேரே மேடு. அவன் கை ஆக்சிலேட்டரைத் திருகியது. எஞ்சின் ஒரு தடவை உறுமி அடங்கியது. இன்னொரு தடவை. ஆர்லிஸ் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஹெல்மெட் பொருந்தியிருக்கிறது, வளையம் படிந்திருக்கிறது, வாரை அவளே இழுத்துப் பார்த்தாள். அவன் மனசுக்குள் விரல் விட்டு அமுக்கிப் பார்க்க வழியில்லை.

டெல்மர் ஒரு காலை ஊன்றினான். பைக்கின் மூக்கை இடது பக்கம் திருப்பினான். மெதுவாக, சேற்றில் வழுக்கி வழுக்கி, பக்கவழியில் இறங்கிப் போனான். பின்னால் எஞ்சின்கள் திரும்ப உயிர் பெற்றன.

சுற்று முடிந்ததும் அவன் நேராக அவள் மேசைக்கு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்கள் சிவந்திருந்தன.

"கன்னம் வலிக்குது," என்றான்.

"வலிக்கும். புதுசு. பதினஞ்சு இருபது மணி நேரம் ஓட்டினாத்தான் பஞ்சு உன் மொகத்துக்குப் பழகும்."

அவன் யோசித்தான். "பந்தயம் ஒண்ணு இருபது நிமிஷம்."

"ஆமா."

"ஒரு நாளைக்கு ரெண்டு ஓட்டம். வருஷத்துக்குப் பத்து சனிக்கிழமை." உதடு அசைந்தது. "ரெண்டு மூணு வருஷம் ஆகுமே ஆர்லிஸ்."

"ஆகும்."

மைக்கில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். டெல்மர் குனிந்து தலையை மேசைக்கு நேரே நீட்டினான். ஆர்லிஸ் பச்சை ஸ்டிக்கரை உரித்து, ஹெல்மெட்டின் வலது பக்கம் ஒட்டி, நாலு ஓரமும் படியும்வரை கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவசரப்படுத்தவில்லை.